படம் யாரிடம் போய்ச் சேருகிறது? ழான்-மரி தெனோவுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ழான்-மரி தெனோ அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு எழுதும் கடிதத்தைத் தமிழில் எழுதிப் பொதுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. கேமரூன் நாட்டு ஆவணப்பட இயக்குநரான உங்கள் பெயரைக் கேள்விப்படாத தமிழ் வாசகர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பிரெஞ்சு தெரிந்த தோழி ஒருவர் இதை மொழிபெயர்த்து உங்களுக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் வைத்திருக்கிறேன்.

ஆப்பிரிக்கக் கலைஞர்களைப் பற்றி வரும் ஆவணப்படங்கள் பலவற்றை நான் தேடித் தேடிப் பார்ப்பவன். பாதிக்குப் பாதி ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். ஒரு பாடகர் வருவார், அவருடைய ஐரோப்பியப் பயணம் வரும், நாலு பேர் அவரைப் புகழ்வார்கள், படம் முடிந்துவிடும். அந்தப் பாட்டை அவருடைய தெருக்காரர்கள் கேட்கிறார்களா, கேட்பதற்கு அவர்களிடம் காசு இருக்கிறதா என்று ஒருவரும் சொல்வதில்லை. 1980களின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை நீங்கள் விடாமல் கேட்டு வருவது அதைத்தான். எழுதியவன் எழுதிவிட்டான், பாடியவன் பாடிவிட்டான். அது சொந்த மக்களிடம் போய்ச் சேர என்ன வழி இருக்கிறது? அந்த வழியை மறித்துக்கொண்டு நிற்பது யார்? உங்கள் படங்களில் பாட்டும் புத்தகமும் சினிமாவும் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது.

2009இல் வந்த 'லியூ சேன்' படத்திலிருந்தே தொடங்குகிறேன். புனிதத் தலங்கள் என்று பொருள் என்பதை வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். புர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகடூகுவில் 1969 முதல் ஃபெஸ்பாக்கோ திரைப்பட விழா நடந்து வருகிறது. இப்போது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. கண்டம் முழுவதிலிருந்தும் இயக்குநர்கள் வந்து இறங்குவார்கள். சிறந்த படத்துக்கு இளவரசி யென்னெங்காவின் குதிரைச் சிலையைப் பரிசாகத் தருவார்கள். திரைக்கலைஞர்கள் பெயரிலேயே அங்கே ஒரு சதுக்கம் இருக்கிறது. 1990இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் 'திலாய்' படத்துக்காகக் கிராண்ட் பிரி வாங்கிய இத்ரிசா உவெத்ராவோகோ அந்த நாட்டுக்காரர்தான். ஆப்பிரிக்க சினிமாவின் தலைநகர் என்று அந்த ஊரைச் சொல்வதில் மிகை ஒன்றும் இல்லை.

அப்படிப்பட்ட ஊருக்குப் போன நீங்கள் விழா அரங்கை விட்டுவிட்டு, சேன்-லெயோன் என்கிற ஏழைக் குடியிருப்புக்குள் நுழைந்துவிட்டீர்கள். அங்கே பூபா என்பவர் வீடியோ ஹால் வைத்திருக்கிறார். ஒரு டிவி, ஒரு பிளேயர், உட்கார பெஞ்சு, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் எண்பதுகளில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்து விடிய விடியப் படம் பார்த்தவர்களுக்கு அந்த அறையை விளக்கவே வேண்டாம். அதே தெருவில் ஜெம்பே மேளம் செய்து வாசிக்கும் ஒருவர் இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டு, மற்றவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் பெரியவர் ஒருவரும் இருக்கிறார். இந்த மூன்று பேரும்தான் படம். விழாவின் சிவப்புக் கம்பளத்தை நான் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். அது எங்கோ தூரத்தில் நடக்கிறது.

பூபாவுக்கு ஆப்பிரிக்கப் படம் போட ஆசை. அதைப் பார்க்க ஆளும் வரும். படம்தான் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அவர் கொடுக்கக்கூடிய விலையில் இல்லை. அதனால் மலிவாகக் கையில் கிடைக்கிற வெளிநாட்டுப் படங்கள் ஓடுகின்றன. நடந்து போகிற தூரத்தில் ஒரு கண்டத்தின் சினிமா விழா நடந்துகொண்டிருக்கிறது, இங்கே அந்தக் கண்டத்தின் படம் ஒன்று கிடைக்கவில்லை. நீங்கள் இதற்காக யாரையும் திட்டவில்லை. பூபா கணக்குப் பார்ப்பதையும், மேளக்காரர் தன் கருவியையும் சினிமாவையும் ஒரே குடும்பத்து உறவுபோல் பேசுவதையும் பொறுமையாகக் காட்டுகிறீர்கள். அந்த மேளக்காரர் பேசும் இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மேளத்துக்கு முன்னால் கூடுகிற கூட்டமும் திரைக்கு முன்னால் கூடுகிற கூட்டமும் அவருக்கு ஒன்றுதான். ஒலி கேட்டு ஆட்கள் கூட வேண்டும். கூடாவிட்டால் அது வெறும் மரமும் தோலும்தான். திரைப்படக் கல்லூரிகளில் பாடமாகச் சொல்ல வேண்டியதை அவர் தோல் இழுத்துக் கட்டிக்கொண்டே சொல்லிவிடுகிறார்.

இந்த நிலைமை தானாக வந்துவிடவில்லை. உங்களுக்கு இது தெரிந்த கதை. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1934இல் பிரெஞ்சு அமைச்சர் பியேர் லவால் ஓர் ஆணை போட்டார். பிரான்சின் ஆப்பிரிக்கக் காலனிகளில் யார் படம் எடுப்பதானாலும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது அது. 1955இல் ஆப்பிரிக்க இயக்குநர் போலான் வியேராவும் நண்பர்களும் தங்கள் மண்ணில் படமெடுக்க முடியாமல், பாரிஸில் வாழும் ஆப்பிரிக்கர்களைப் பற்றி அங்கேயே ஒரு குறும்படம் எடுத்தது அந்த ஆணையால்தான். விடுதலைக்குப் பிறகும் தியேட்டர்களும் விநியோகமும் கொமாசிகோ, செக்மா என்ற இரண்டு பிரெஞ்சு நிறுவனங்களின் கையில் இருந்தன. எந்த ஊரில் எந்தப் படம் ஓட வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். 1970இல், அப்போது மேல் வோல்டா என்று அழைக்கப்பட்ட புர்கினா ஃபாசோ, துணிந்து தியேட்டர்களை நாட்டுடைமையாக்கியது. உடனே அந்த நிறுவனங்கள் படம் தர மறுத்தன. திரை இருந்தது, போட்டுக் காட்டப் படம் இல்லை. பூபாவின் ஹாலில் நாம் பார்க்கும் பஞ்சத்துக்கு அவ்வளவு நீண்ட வேர் இருக்கிறது.

உங்கள் சொந்த நாடான கேமரூனில் கதை இன்னும் மோசம். 2009இல் அங்கே மிச்சமிருந்த பெரிய தியேட்டரும் மூடப்பட்டது. அதே ஆண்டில்தான் 'லியூ சேன்' வெளிவந்தது என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது. பிறகு 2016இல் ஒரு பிரெஞ்சுக் குழுமம் தலைநகர் யாவுண்டேயில் புதிய திரையரங்கு திறந்தது. மறுபடியும் திரை இன்னொருவர் கையில்.

அப்புறம், 1992இல் நீங்கள் எடுத்த 'ஆப்பிரிக்காவே, உன் இறகைப் பிய்ப்பேன்'. உங்கள் பெயரை வெளியுலகம் அறிந்தது அந்தப் படத்தால்தான். யாவுண்டேயில் ஒரு பெண் நூலகம் நூலகமாகப் போகிறார். பிரெஞ்சுக் கலாச்சார மையம், பிரிட்டிஷ் கவுன்சில் என்று ஏறி இறங்குகிறார். அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. தன் நாட்டு எழுத்தாளர்களைத் தேடினால்தான் கை வெறுமையாகத் திரும்புகிறது. கேமரா அந்தப் புத்தக முதுகுகளை வரிசையாகக் காட்டிக்கொண்டு போகும்போது எனக்கு மூச்சு முட்டியது. ஒரு நாட்டின் நினைவை வெளியூர்க்காரர்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள், எதை அடுக்குவது என்பதும் அவர்கள் முடிவு. கேமரூன் எழுத்தாளர் மோங்கோ பேட்டி 1972இல் கேமரூனைப் பற்றிப் பாரிஸில் வெளியிட்ட புத்தகத்தைப் பிரெஞ்சு அரசே தடை செய்ததை இங்கே சேர்த்து நினைத்துக்கொண்டேன். எழுத்தாளர் அங்கே, வாசகர்கள் இங்கே, நடுவில் தடை.

அதே படத்தில், கேமரூனின் பாமும் மக்களுடைய மன்னர் ந்ஜோயா வருகிறார். 1896 வாக்கில் தன் மக்களுக்கென்று ஒரு எழுத்து முறையை உருவாக்கத் தொடங்கியவர். அதைத் திருத்தித் திருத்திச் செப்பனிட்டார். பள்ளிகள் திறந்தார். தன் நாட்டு வரலாற்றையும் மருத்துவத்தையும் அந்த எழுத்திலேயே எழுதவைத்தார். ஃபூம்பானில் அவர் கட்டிய அரண்மனை இன்றும் நிற்கிறது. பிரெஞ்சு நிர்வாகம் அந்தப் பள்ளிகளை மூடியது, அவருடைய அதிகாரத்தைப் பிடுங்கியது, கடைசியில் அவரை யாவுண்டேவுக்கு அனுப்பிவைத்தது. 1933இல் அங்கேயே இறந்துபோனார். ஆப்பிரிக்கர்களுக்கு எழுத்தே கிடையாது, வாய்மொழிதான் என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. அந்தப் படத்தைப் பாருங்கள் என்கிறேன்.

கடிதத்தால் வந்த வழக்கு ஒன்றையும் நீங்கள் அதில் பதிவு செய்தீர்கள். 1990 டிசம்பர் 27ஆம் தேதி 'ல மெஸாஜே' பத்திரிகையில் பொருளாதார அறிஞர் செலஸ்டின் மோங்கா கேமரூன் அதிபர் பால் பியாவுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். எழுதியவரையும் வெளியிட்ட ஆசிரியர் பியூஸ் ந்ஜாவேயையும் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ஊரே திரண்டு வந்தது. இருவருக்கும் ஆறு மாதம் சிறை, ஆனால் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. ஒரு கடிதத்துக்கு இவ்வளவு பயந்த அரசு, அதே மாதத்தில்தான் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. அந்தச் சட்டத்திலேயே அச்சுக்கு முந்தைய தணிக்கைக்கும் இடம் வைத்திருந்தார்கள். அந்த நாட்களைப் படமாக்கி வைக்க ஒருவர் கேமராவோடு இருந்தார் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

1994இல் வந்த 'தலை மேகத்தில்' சின்னப் படம். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. குப்பை அள்ளப்படாத யாவுண்டே தெருக்கள். படித்த படிப்புக்கு வேலையோ கட்டுப்படியாகும் சம்பளமோ இல்லாமல், கிடைத்த தொழிலில் பிழைக்கிற மக்கள். அந்தக் குப்பையிலிருந்தே பொறுக்கி எடுத்துக் கலை செய்கிற இளைஞர் பாஸ்கல் மார்தின் தாயூ. பின்னாளில் 2002இல் டாக்குமெண்டா, அப்புறம் வெனிஸ் பினாலே என்று பெரிய கலைக் கண்காட்சிகளில் உலகம் அவரைக் கொண்டாடியது. நீங்கள் படம் பிடித்தபோது அவருக்கு இருபதுகளின் வயது. அவருடைய பொருட்களைக் காட்சிக்கூடத்தின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் பார்த்தவர்கள் பாராட்டுவார்கள். உங்கள் படத்தில் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தகரமும் பிளாஸ்டிக்கும் எந்தத் தெருவிலிருந்து வந்தன, அந்தத் தெருவைச் சுத்தம் செய்ய வேண்டியவர்கள் எங்கே போனார்கள் என்று புரியும்.

'ஷெஃப்!' (தலைவன் என்று பொருள்) படத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1997 டிசம்பரில் உங்கள் ஊரான பாஞ்சூனுக்கு ஒரு விழாவைப் படமெடுக்கப் போகிறீர்கள். மன்னர் ஒருவரின் நினைவுச்சின்னத் திறப்பு. மரபான உடைகள், நடனம், மேளம், பெரிய மனிதர்கள். ஆப்பிரிக்கக் கலாச்சாரம் என்று தொலைக்காட்சிகள் ஆசையாக வாங்கிக்கொள்ளக்கூடிய காட்சி எல்லாம் அங்கே இருந்தது. அதே ஊரில், விழாக் கூட்டத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி, பதினாறு வயதுப் பையன் ஒருவனைக் கும்பல் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு கோழியையும் அதன் குஞ்சுகளையும் திருடியதாகக் குற்றச்சாட்டு. அடித்தே கொன்றுவிடக்கூடிய கோபத்தில் நிற்கிறார்கள். நீங்கள் கேமராவை மூடவில்லை. அந்தப் பையனின் முகத்தை விட்டு நகரவும் இல்லை.

அதிலிருந்து படம் போகும் பாதை எனக்குப் பாடம். கோழி திருடியவனுக்கு மரண பயம், நாட்டைத் திருடியவர்களுக்கு மாலை. ஒரு திருமணப் பதிவில் கணவனே குடும்பத் தலைவன் என்று அரசு அதிகாரி வாசிக்கிறார். வீட்டுக்கு ஒரு தலைவன், ஊருக்கு ஒரு தலைவன், நாட்டுக்கு ஒரு தலைவன் என்று அடுக்கு விரிகிறது. அதே டிசம்பரில் பியூஸ் ந்ஜாவே மறுபடியும் கைதாகிறார். கால்பந்துக் கோப்பை இறுதிப் போட்டியின்போது அதிபருக்கு உடம்பு சரியில்லையோ என்று அவருடைய பத்திரிகை கேட்டிருந்தது, அதுதான் குற்றம். சுமார் பத்து மாதம் கழித்து 1998 அக்டோபரில்தான் வெளியே வந்தார். ஒரு கலாச்சார விழாவுக்குப் போன கேமரா இப்படிச் சிறை வாசல் வரைக்கும் போய் நிற்கிறது. விழாவை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

உங்கள் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். படம் முழுக்க நீங்களே பேசுகிறீர்கள், 'நான்' என்று சொல்லிப் பேசுகிறீர்கள். பள்ளிக்கூடத்தில் தனக்கு என்ன சொல்லித் தந்தார்கள், என்ன சொல்லித் தராமல் மறைத்தார்கள் என்று ஒரு மனிதர் அமைதியாக நினைத்துப் பார்க்கிற குரல். பழைய காலனியச் செய்திப்படங்களில் எல்லாம் தெரிந்த மாதிரி முழங்குகிற ஒரு குரல் இருக்கும். அந்தச் செய்திப்படத் துண்டுகளையே எடுத்து உங்கள் படத்தில் வைத்து, பக்கத்தில் உங்கள் தாழ்ந்த குரலையும் வைத்தீர்கள். எதை நம்புவது என்று பார்ப்பவருக்குத் தானாகத் தெரிந்துவிடுகிறது. மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்: ஜெர்மானிய மிஷனரிகளையும் நமீபியாவில் நடந்த ஹெரேரோ இனப்படுகொலையையும் பற்றிய 2004ஆம் ஆண்டுப் படத்தில் பேட்டிகள் நிறைந்துபோய், அந்தக் குரலுக்கு இடம் குறைந்துவிட்டது. தகவல் அத்தனையும் முக்கியம். ஆனாலும் நீங்கள் தெருவில் நடக்கும்போதுதான் உங்கள் படம் முழு உயிரோடு இருக்கிறது.

அந்தக் குரல் ஒதுங்கிக்கொள்ள வேண்டிய இடத்தில் ஒதுங்கவும் தெரிந்தது. 1971 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்ட கேமரூன் விடுதலைப் போராளி எர்னஸ்ட் உவாண்டியேயின் மகள், தன்னுடைய வாழ்க்கையை 2004இல் உங்கள் கேமராவிடம் சொன்னார். அந்தப் பதிவு பல ஆண்டுகள் உங்களிடமே இருந்தது. 2009இல் அவர் இறந்த பிறகு, 2013இல் 'காற்றில் ஓர் இலை' வந்தது. அதில் அவர் முகமும் அவர் பேச்சும்தான். படிக்கத் தந்த நூலகத்தில் இல்லாத வரலாறு ஒரு பெண்ணின் வாயிலிருந்து வருகிறது, நீங்கள் குறுக்கே பேசாமல் கேட்கிறீர்கள்.

சரி, வேண்டுகோளுக்கு வருகிறேன். நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து சிறிய அளவில் படங்கள் திரையிடுகிறோம். உங்கள் படங்களை முறையாகக் காசு கொடுத்து, அனுமதி வாங்கித் திரையிட முயன்றபோது சொல்லப்பட்ட தொகை பல்கலைக்கழகங்களுக்கு உரியது. எங்களைப் போன்றவர்களுக்கு அது எட்டாது. இதில் யார் மேலும் கோபமில்லை. உங்கள் படங்கள் அமெரிக்க, ஐரோப்பியக் கல்லூரி வகுப்புகளில் பாடமாக ஓடுவதால்தான் அவை காப்பாற்றப்பட்டு இருக்கின்றன என்பதும் புரிகிறது. ஆனால் பூபா கேட்டது இதேதானே? அவருடைய ஹாலுக்கு 'லியூ சேன்' என்ன விலையில் கிடைக்கும்? கேமரூன் நகரங்களான தூவாலாவிலோ பாஃபூசாமிலோ ஒரு மாணவர் 'ஷெஃப்!' பார்க்க ஆசைப்பட்டால் எங்கே போவார்?

1985இலேயே 'லே ஃபில்ம் டு ராஃபியா' என்று சொந்த நிறுவனம் தொடங்கி, உங்கள் படங்களின் உரிமையை உங்கள் கையிலேயே வைத்துக்கொண்டவர் நீங்கள். அந்தத் தலைமுறையில் பலருடைய படங்களின் உரிமை எங்கெங்கோ போய்ச் சிக்கிக் கிடக்கிறது. வாரிசுகள் கேட்டாலும் கிடைப்பதில்லை. உங்களுக்கு அந்தச் சிக்கல் குறைவு என்று நினைக்கிறேன். அதனால்தான் உங்களிடம் கேட்க முடிகிறது. வீடியோ ஹால்களுக்கும் சிறிய திரையிடல் குழுக்களுக்கும் என்று ஒரு தனி விலை வையுங்கள். கேமரூனுக்கும் புர்கினாவுக்கும் அதைவிடக் குறைவான விலை இருக்கட்டும். பணம் வாங்காமல் கொடுங்கள் என்று கேட்க மாட்டேன். உழைத்தவருக்குக் காசு வர வேண்டும். ஐம்பது பேர் கூடிச் சேர்த்துத் தரக்கூடிய தொகையாக இருந்தால் போதும்.

தமிழ் சப்டைட்டில் வேலையை நாங்கள் செய்து தருகிறோம். 'லியூ சேன்', 'ஷெஃப்!' இரண்டுக்கும் உங்கள் விவரணையின் எழுத்துப் பிரதி இருந்தால் பிரெஞ்சிலேயே அனுப்புங்கள், ஆங்கில சப்டைட்டிலிலிருந்து செய்வதைவிட அது நன்றாக வரும். மேளக்காரர் பேசும் பகுதியை ஏற்கெனவே மொழிபெயர்த்துப் பார்த்தோம். தோல், கட்டை, வார் என்று தொழில் சொற்களுக்குப் பறை செய்கிறவர்களிடமே கேட்டு எழுதியிருக்கிறோம். உங்களுக்குச் சம்மதம் என்றால் திரையிடல் தொகை எவ்வளவு, எந்த வடிவத்தில் படம் அனுப்புவீர்கள் என்று மட்டும் தெரியப்படுத்துங்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவன்